பேசாத பீமும் பேசத் தொடங்காத மகனும்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"மேடம், என் மகனுக்கு இரண்டு வயது நாலு மாதம். மகளுக்கு ஆறு வயது, ஒண்ணாம் வகுப்பு படிக்கிறாள். அவங்க அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மாமியாரும் பிள்ளைகளும்தான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சோட்டா பீம் பார்ப்பாள். தம்பியும் கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு, 'டிஷ்யூம்' என்று அவளையே குத்த ஆரம்பித்தான். அதை நிறுத்திவிட்டு நெட்ஃப்ளிக்ஸில் 'மைட்டி லிட்டில் பீம்' போட்டுக் கொடுக்கிறேன். அதில் பீம் தவழுகிற குழந்தை. இவனும் ஆசையாகப் பார்க்கிறான். ஆனால் அதில் யாருமே பேசுவதில்லை. என் மகனும் இன்னும் பேசவில்லை. அம்மா, அக்கா, தண்ணிக்கு 'ண்ணி', மாட்டுக்கு 'ம்மா', இப்படி எல்லாம் சேர்த்தால் பத்து வார்த்தை இருக்கும். நாம் சொல்வது புரிகிறது. வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுவான். என் நாத்தனார் வந்திருந்தபோது, 'பேசாத பொம்மையைப் போட்டுக் காட்டினா பிள்ளை எங்கேருந்து பேசும்? பழைய பீமைப் போடு, நாலு வார்த்தையாவது காதுல விழும்' என்றார். மாமியார் திருக்கோலக்கா கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். 'வர்ச்சுவல் ஆட்டிசம்' என்று யூடியூபில் ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எந்த பீமைப் போடட்டும்? இல்லை, டிவியையே தூக்கிப் போட்டுவிடட்டுமா? மழை ஆரம்பித்ததிலிருந்து அவனுக்கு ஓயாத சளி. ராத்திரி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிறான், அது வேறு கவலை."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனுக்குக் குட்டி பீம்தான், அதாவது 'மைட்டி லிட்டில் பீம்'தான் சரி. நாத்தனார் சொன்ன காரணத்துக்காகப் பழைய பீமுக்குத் திரும்ப வேண்டாம். அதற்காகக் குட்டி பீமைப் போட்டுவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விட்டால் அதனாலும் பயன் இல்லை. இந்த இரண்டையும் விளக்குகிறேன். ஆனால் சளி, குறட்டை என்று கடைசியில் 'வேறு கவலை'யாக எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்திய வரி அதுதான். முடிக்கும் முன் அதற்கு வருகிறேன். அதற்கு முன்பே படிப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

சோட்டா பீம் 2008 ஏப்ரலில் போகோ சேனலில் தொடங்கியது. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனமும் அதன் நிறுவனர் ராஜீவ் சிலகாவும் உருவாக்கிய தொடர். டோலக்பூர் என்ற கற்பனை ஊர், அங்கே ஒரு ராஜா, ஒன்பது வயது பீம், சுட்கி, ராஜு, ஜக்கு என்ற குரங்கு, வம்பு இழுக்கக் காலியா, அவன் கூடவே டோலு போலு. இதெல்லாம் உங்கள் மகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு கதையின் அமைப்பைப் பாருங்கள். ஊருக்கு ஒரு ஆபத்து வருகிறது. யாரோ ஏமாற்றுகிறார்கள், அதைப் பீம் கண்டுபிடிக்கிறான். அடி வாங்கித் தளர்கிறான். லட்டு கிடைக்கிறது, தெம்பு வருகிறது, எதிரி பறந்துபோய் விழுகிறான். இதைப் புரிந்துகொள்ள எத்தனை விஷயம் மனதில் நிற்க வேண்டும்! யார் நல்லவன், யார் நல்லவன்போல் நடிக்கிறான், முதலில் சொன்ன பொய் பிறகு எப்படி உடைந்தது என்றெல்லாம் ஐந்தாறு வயதுப் பிள்ளை கோத்துக்கொள்ளும். அது அந்த வயதுக்கு நல்ல பயிற்சியும்கூட. மகள் அதை ரசிப்பதில் தவறே இல்லை.

இரண்டு வயதுக்காரனுக்கு அந்தக் கோர்வை பிடிபடாது. ஒரு காட்சி வெட்டி அடுத்த இடத்துக்குப் போனால், 'இது அதற்கு அப்புறம் நடப்பது, அதே ஆள்தான்' என்பதே இந்த வயதில் பாதி நேரம் விளங்காது. அவனுக்குத் தனித்தனித் துண்டுகள்தான் கிடைக்கும். அந்தத் துண்டுகளில் எது பளிச்சென்று இருக்கிறதோ அது ஒட்டிக்கொள்ளும். குத்து பளிச்சென்று இருக்கிறது, சத்தத்தோடு வருகிறது, கூடவே அக்கா கைதட்டுகிறாள். பீம் ஏன் அடித்தான், யாரைக் காப்பாற்ற அடித்தான் என்பது அவனிடம் வந்து சேரவே இல்லை. ஆகவே அவன் அக்காவைக் குத்தியதை முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிகழ்ச்சியிலிருந்து அவனால் எடுத்துக்கொள்ள முடிந்தது அவ்வளவுதான். நிறுத்தியது சரியான முடிவு.

'மைட்டி லிட்டில் பீம்' 2019 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. அதே நிறுவனத்தின் தயாரிப்பு, பீமும் அதே பீம். ஆனால் பெயரையும் லட்டு ஆசையையும் அசாத்திய பலத்தையும் தவிர மூலத்தொடரிலிருந்து பெரிதாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களுக்கு வடித்த சோற்றை எடுத்துக் குழந்தைக்கு மசித்துக் கொடுத்த மாதிரி இல்லை இது, குழந்தைக்கென்றே தனியாக உலை வைத்தது. ஒரு கதை ஆறேழு நிமிடம். சதி எதுவும் இல்லை. குழந்தைக்கு ஒன்று வேண்டும், அது எட்டாத இடத்தில் இருக்கிறது, எப்படியோ எடுக்கிறான், நடுவில் நாலு சாமான் உருளுகிறது, அம்மா தேடி வருகிறாள். உங்கள் மகன் நாள் முழுக்க வாழ்கிற வாழ்க்கையும் இதேதான். வசனம் என்று எதுவும் இல்லை. மழலைச் சத்தம், சிரிப்பு, இசை, பாத்திரம் விழும் ஓசை, அவ்வளவே. எந்த மொழிக்கும் பெரிதாக டப்பிங் வேண்டாம் என்பதால் பல நாட்டுக் குழந்தைகளும் இதைப் பார்த்தார்கள்.

ஒரு தொடரின் பாத்திரத்தை வைத்து எடுக்கிற கிளைத்தொடர் என்று வந்தால், மூலத்தின் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், நீங்கள் பள்ளிப் பருவத்தில் சுட்டி டிவி பார்த்து வளர்ந்தவராக இருப்பீர்கள். டோராவும் புஜ்ஜியும் நினைவிருக்கும், 'குள்ளநரி திருடக் கூடாது' என்று கத்தியதும் நினைவிருக்கும். டோரா அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய தொடர். அவளுடைய உறவுக்காரப் பையன் தியேகோவை வைத்து 2005-இல் ஒரு கிளைத்தொடர் எடுத்தார்கள். தியேகோ காட்டு விலங்குகளைக் காப்பாற்றுகிறவன். ஆனால் அமைப்பு டோராவின் அமைப்பேதான். திரையிலிருந்து நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், பதிலுக்காக நிறுத்துவார்கள், சொன்னதையே மறுபடி சொல்வார்கள். டோராவுக்குப் பழகிய குழந்தை தியேகோவில் தடுமாறாது. பீம் விஷயத்தில் நேர் எதிர். ஆள் மாறவில்லை, அமைப்பு அடியோடு மாறிவிட்டது. ஆகையால் 'இதுவும் பீம்தானே, அதுவும் பீம்தானே' என்று இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இப்போது நாத்தனார் கேட்ட கேள்விக்கு வருவோம். அது நியாயமான கேள்வி. வார்த்தை காதில் விழாமல் பேச்சு வராது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் டிவியில் வருகிற வார்த்தை அந்தக் கணக்கில் சேராது. இந்த வயதில் பிள்ளை கற்றுக்கொள்வது, தன் கண்ணைப் பார்த்து, தான் பார்க்கிற பொருளைப் பற்றி, தன் சத்தத்துக்குப் பதிலாக வருகிற பேச்சிலிருந்து. டிவிப் பேச்சு அவன் என்ன பார்க்கிறான் என்று பார்க்காது, அவன் 'ண்ணி' என்றால் 'தண்ணியா வேணும்?' என்று திரும்பக் கேட்காது. பழைய பீமின் வசனம் ஒன்பது வயதுப் பாத்திரங்களின் நீள வசனம், அதுவும் டப்பிங்கில் வாயசைவுக்காக அவசரமாகப் பேசியது. அது இவனுக்குப் பின்னணி இரைச்சல்தான்.

அந்த இரைச்சல் இன்னொன்றும் செய்கிறது, அதுதான் பெரிய நஷ்டம். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் சிறு குழந்தைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவி வைத்து, வீட்டில் நாள் முழுக்க என்ன பேச்சு கேட்கிறது என்று கணக்கெடுத்தார்கள். டிவி சத்தம் கேட்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்ட சொற்கள் சராசரியாக 770 குறைந்திருந்தன. டிவி பேசினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். வசனத்தின் மேல் நாம் பேசினால் அக்காவுக்குக் கதை கேட்காது, அவள் 'உஷ்' என்பாள்.

குட்டி பீமில் அந்தத் தடை இல்லை. அந்த ஆறேழு நிமிடமும் உங்களுக்கும் மாமியாருக்கும் பேசுவதற்காகத் திறந்து கிடக்கிறது. பேச்சுப் பயிற்சி தருகிற எங்கள் தொழிலில் சொல்லே இல்லாத படக்கதைகளுக்குப் பெரிய இடம் உண்டு. 1969-இல் வந்த ஓர் அமெரிக்கப் படக்கதை, ஒரு பையன் காணாமல்போன தவளையைத் தேடுவது, அதில் ஒரு வரி எழுத்துக்கூடக் கிடையாது. குழந்தைகளைக் கதை சொல்லவைத்து அவர்கள் மொழியை அளக்க, உலகத்தின் பல மொழிகளிலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். படம் பேசாதபோது மனிதர் பேசுவார் என்பதே அதன் காரணம்.

ஆனால் பேச வேண்டும். பிள்ளை கையில் போனைக் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைத்தால், குட்டி பீம் அவனுக்கு ஒரு சொல்லும் தராது. அப்படிப் பார்த்தால் உங்கள் நாத்தனார் பயப்படுவது சரியே. 2005-இல் வெளியான இன்னோர் ஆய்வு, 51 குழந்தைகளை ஆறு மாதத்திலிருந்து இரண்டரை வயது வரை தொடர்ந்து கவனித்தது. எல்லா நிகழ்ச்சியும் ஒரே விளைவைத் தரவில்லை. டோரா மாதிரி கேள்வி கேட்டு, பேரைச் சொல்லிக் காட்டுகிற நிகழ்ச்சிகளைப் பார்த்த பிள்ளைகளிடம் சொல்வளம் கூடுதலாக இருந்தது. 'டெலிடபிஸ்' என்ற, மழலை மாதிரியே பேசுகிற பொம்மைகள் வரும் நிகழ்ச்சியைப் பார்த்தவர்களிடம் குறைவாக இருந்தது. ஐம்பது பிள்ளைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் டோரா செய்கிற வேலையைக் குட்டி பீமில் யாராவது செய்தாக வேண்டும். அந்த யாராவது நீங்கள்தான், இல்லையென்றால் மாமியார்.

எப்படிப் பேசுவது என்று இங்கே வருகிற அம்மாக்களுக்குக் காட்டுவதை அப்படியே எழுதுகிறேன். போன் வேண்டாம், டிவியில் போடுங்கள். மடியில் வைத்துக்கொள்ளாமல், அவன் முகம் உங்களுக்குத் தெரிகிற மாதிரி பக்கத்தில் சாய்ந்து உட்காருங்கள். பீம் லட்டைப் பார்க்கிறான். 'லட்டு!' ஒரே வார்த்தை. தவழ்கிறான். 'போறான்... போறான்...' இழுத்துச் சொல்லுங்கள். மேலே ஏறுகிறான். 'ஏறுறான்.' பாத்திரம் சரிகிறது. 'டொம்! விழுந்துடுச்சு.' படத்தில் என்ன நடக்கிறதோ அதற்கு ஒட்டிய சின்ன வார்த்தை மட்டும். 'பாத்தியா, அவன் எவ்ளோ சேட்டை பண்றான், நீயும் இப்படித்தான் பண்ணுவே, அன்னிக்கு அரிசித் தூக்கைக் கவுத்தியே' என்று நீளமாகப் போகாதீர்கள். அவனுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அடுத்த நாளும் அதே கதையைப் போடுங்கள், புதிது தேட வேண்டாம். பெரியவர்களுக்குத்தான் சலிப்பு. இந்த வயதுப் பிள்ளை, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியும்போதுதான் வாயைத் திறக்கும். மூன்றாவது நாலாவது தடவை, பாத்திரம் சரியப் போகிற இடத்தில் ரிமோட்டால் நிறுத்துங்கள். அவனைப் பாருங்கள். புருவத்தை உயர்த்தி, வாயைக் கொஞ்சம் திறந்து, ஒன்றும் சொல்லாமல் காத்திருங்கள். மனதுக்குள் நிதானமாக ஐந்து வரை எண்ணுங்கள். நம்மால் முடியாதது இந்தக் காத்திருப்புதான், இரண்டு எண்ணுவதற்குள் நாமே சொல்லிவிடுவோம். அவன் 'தொ' என்றாலும், கையைக் கீழே அடித்தாலும், உங்களைப் பார்த்துச் சிரித்தாலும் அது பதில்தான். உடனே 'டொம்! ஆமா, டொம்!' என்று சொல்லிப் படத்தை விடுங்கள். 'டொம் சொல்லு, சொன்னாத்தான் போடுவேன்' என்று மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள். சொல்லு சொல்லு என்று நெருக்கப்பட்ட பிள்ளைகள் பேச்சையே விட்டு விலகுவதை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

படம் முடிந்ததும் அணைத்துவிட்டு, அதே வார்த்தைகளை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இதில் உங்கள் மாமியார் கைகொடுப்பார். பம்புசெட்டில் குளிக்க வைக்கும்போது 'ஊத்து... ஊத்து...', மாட்டுக்கு வைக்கோல் போடும்போது 'சாப்பிடுது', படியில் 'ஏறுறான், ஏறுறான்'. பீம் ஏறிய அதே 'ஏறு' இப்போது அவன் காலில் நடக்கிறது. திரையில் பார்த்த சொல் கையிலும் காலிலும் வந்தால்தான் அவனுடைய சொல்லாகும். டிவி முன்னால் செலவாகிற நேரத்தைவிட இந்த நேரம் பல மடங்கு பெறும். நடவு, களையெடுப்பு என்று நீங்கள் இருவரும் வயலில் நிற்கிற நாளில் அவனை வரப்பில் போனோடு உட்கார வைக்காதீர்கள். சேற்றில் விளையாடட்டும், நாரையைக் காட்டுங்கள், 'பறக்குது' என்று சொல்லுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள்தான் இந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய துணை. அவளுடைய பீமைப் பிடுங்கிவிட்டுத் தம்பியின் பீமைப் போட்டால் அவளுக்கு அது தண்டனையாகத் தெரியும், தம்பி மேல் கோபம் வரும். அவன் தூங்குகிற நேரத்தில், அல்லது அப்பாயியோடு வாசலில் இருக்கும்போது, அவளுக்குப் பழைய பீம் அரை மணி நேரம் உண்டு என்று சொல்லிவிடுங்கள். தம்பியின் கதை ஓடும்போது அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: 'பீமுக்குப் பேச வராது, நீதான் அவனுக்காகப் பேசணும்.' ஆறு வயதுப் பிள்ளைகள் இதில் காட்டுகிற கெட்டிக்காரத்தனத்தை நான் பார்த்து ரசித்திருக்கிறேன். பீமுக்கு ஒரு குரல், அவன் அம்மாவுக்கு ஒரு குரல், லட்டுக்குக்கூட ஒரு குரல் வந்துவிடும். தம்பிக்குப் பேச்சு கிடைக்கும், அவளுக்குக் கதை கோக்கிற திறமை வளரும். ஒண்ணாம் வகுப்பில் அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும்போது அந்தத் திறமை நேராக உதவும். சின்னக் குழந்தைகளுக்காகச் செய்த கிளைத்தொடர், அக்காவுக்கும் இப்படிப் பயன்படுகிறது. மூலத்தொடரில் பாத்திரங்களே பேசிவிடுவதால் அவளுக்கு அங்கே பேச இடமில்லை.

நேரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. உங்கள் மகனுக்கு இப்போதைக்கு இரண்டு மூன்று கதை, அதாவது இருபது நிமிடம் போதும் என்பேன். அந்த ஒரு மணி நேரத்தைக் கட்டாயம் தீர்க்க வேண்டும் என்று எங்கும் இல்லை. குட்டி பீமில் ஒரு சிக்கல் உண்டு: கதை சின்னது, ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிடும். ஏழு நிமிடம் என்று நினைத்துப் போட்டது ஒரு மணி நேரமாகும். நெட்ஃப்ளிக்ஸ் கணக்கின் அமைப்புகளில், அடுத்த எபிசோடு தானாக ஓடுவதை நிறுத்துகிற வசதி இருக்கிறது. கணக்கு கணவர் பெயரில் இருந்தால் அவரையே சிங்கப்பூரிலிருந்து மாற்றிவிடச் சொல்லுங்கள். அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். வீடியோ கால் இந்தத் தடையில் வராது. அப்பா முகம் பார்த்து, அப்பா பேசி, பிள்ளை சத்தம் போட, அப்பா அதற்குப் பதில் சொல்வது உண்மையான பேச்சு. 'அப்பாவுக்கு டாட்டா சொல்லு, ரைம்ஸ் சொல்லிக் காட்டு' என்று பரீட்சை வைக்காமல், பாத்திரத்தை வைத்து 'டொம்' என்று அவரும் விளையாடட்டும்.

இப்போது அந்தக் கடைசி வரி.

இரண்டு வயதில் பிள்ளைகள் சுமார் ஐம்பது வார்த்தை சொல்லி, 'அம்மா வா', 'தண்ணி தா' என்று இரண்டைச் சேர்க்கத் தொடங்குவார்கள். உங்கள் மகன் பின்தங்கித்தான் இருக்கிறான். 'ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்', 'அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினார்' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சில பிள்ளைகள் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள் என்பது உண்மை. உங்கள் பிள்ளை அந்தச் சிலரில் ஒருவனா என்பதை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஆகவே காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஓயாத சளி, திறந்த வாய், குறட்டை மூன்றும் சேர்ந்தால் மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். காதுச் சவ்வுக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கலாம். நீர் கட்டினால் காது வலிக்க வேண்டும், சீழ் வடிய வேண்டும் என்பதில்லை. சத்தம் மட்டும் மங்கும். கதவைத் தட்டினால் திரும்புவான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான். ஆனால் 'தண்ணி'யில் 'த' காதில் விழாமல் '-ண்ணி' மட்டும் விழும். நீங்கள் எழுதியது அதனால்தான் என்று நான் சொல்லவில்லை, அந்த வயதில் முதலெழுத்தை விழுங்குவது சகஜம். ஆனாலும் காதைப் பார்க்காமல் பேச்சைப் பற்றி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

குழந்தை மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். செவித்திறன் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். காதில் சின்ன அடைப்பான் வைத்துச் சவ்வின் அசைவைப் பார்க்கும் டிம்ப்பனோமெட்ரி, உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., தேவைப்பட்டால், சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று தூங்க வைத்துப் பார்க்கும் பெரா. எதுவும் வலிக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவுகிற மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கும், 'டி.இ.ஐ.சி.' என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே இதற்குக் கட்டணம் இல்லை. உங்களுக்குத் திருவாரூரும் தஞ்சாவூரும் ஒரே ரயில் பாதையில் இருபுறமும் இருக்கின்றன, எது வசதியோ அங்கே போங்கள். நீர் கட்டியிருப்பது தெரிந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில மாதத்தில் தானே வடியும். மருத்துவர் தவணை வைத்துப் பார்ப்பார். அதுவரை நீங்கள் பின்னாலிருந்தோ அடுத்த அறையிலிருந்தோ கூப்பிடாமல், அருகில் வந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். டிவி சத்தம் பின்னணியில் இருக்கவே கூடாது. பழைய பீம் இப்போது வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

மாமியாரைத் திருக்கோலக்காவுக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள். சம்பந்தர் கைத்தாளம் போட்டுப் பாடிய பிள்ளை, அவருக்குக் கிடைத்த பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்தவள் அந்த அம்மன். பேச்சு வராத பிள்ளைகளுக்காகச் சீர்காழிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக வேண்டிக்கொண்டு போகிறார்கள். போகிற வழியெல்லாம் பஸ் ஜன்னலில் அவனுக்குப் பேச எவ்வளவோ இருக்கிறது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து டெஸ்ட் எடுக்கலாம் என்று தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். வசம்பை நாக்கில் தேய்ப்பது, நாக்கைச் சுரண்டுவது மட்டும் கட்டாயம் வேண்டாம்.

'வர்ச்சுவல் ஆட்டிசம்' என்பது மருத்துவர்கள் நோயறிய வைத்திருக்கும் எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயர். டிவி பார்த்ததால் ஆட்டிசம் வந்துவிட்டது என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகன் வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுகிறான், சொல்வதைப் புரிந்துகொள்கிறான், அக்காவைப் பார்த்து அவள் செய்வதைச் செய்கிறான். இவை நல்ல அறிகுறிகள். இன்னும் ஒன்றைக் கவனித்து எழுதுங்கள். வேண்டும் என்று கேட்பதற்கு மட்டுமல்லாமல், சும்மா உங்களுக்குக் காட்டுவதற்காகவும் விரலை நீட்டுகிறானா? வானத்தில் கொக்குக் கூட்டம் போனால் அதைச் சுட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? அது இல்லையென்றால் வளர்ச்சி மதிப்பீடும் சேர்த்தே செய்துவிடலாம், அதே மையத்தில் செய்வார்கள்.

பழைய பீம் எப்போது என்று மகள் கட்டாயம் கேட்பாள். அவன் நாலு வயதைத் தாண்டி, ஒரு கதையைக் கேட்டுவிட்டு 'ஏன் அப்படிப் பண்ணான்?' என்று கேட்கத் தொடங்கினால் பார்க்கலாம். முதலில் போட்டி, திருவிழா, காட்டுப் பயணம் போன்ற கதைகளாகப் பார்த்து, அக்காவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் அதன் நகலையும், அவன் சொல்கிற வார்த்தைகளை அவன் உச்சரிக்கிற மாதிரியே எழுதிய பட்டியலையும் அனுப்புங்கள். 'ம்மா', 'டொம்' எல்லாம் வார்த்தைதான், விட்டுவிடாமல் எழுதுங்கள்.